தண்ணீரும் கொடுத்தேனே!



சென்ற பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போயிருந்தேன். அக்காள் வீடு சிராங்கூன் சாலைப் பக்கம். தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். வெற்றிலை, முருங்கைக்காய், பூச்சரம் என்று அம்மா வாங்க வேண்டியதை எல்லாம் மனத்திலேயே பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் போய்ச் சேர்ந்த அன்று இரவே அக்காளின் பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளை. விடிவதற்குள் எட்டு முறை போய்விட்டான். கண் குழி விழுந்துவிட்டது.

காலையில் கிளினிக்கில் கொடுத்தது ஊசி அல்ல. சின்னச் சின்னப் பொட்டலங்களில் ஒரு தூள். அளந்த தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பிள்ளை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்தோம். மாலையில் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1986-இல் எங்கள் தோட்டத்து லயத்தில் என் தம்பி இதே நோயில்தான் போனான். ஒன்றரை வயது. "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்று சுற்றியிருந்த பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. இரவில் யாருக்கும் தெரியாமல் துணியை நனைத்துப் பிழிந்து வாயில் விட்டிருக்கிறார். விட்டது அத்தனையும் வெளியே போய்விட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரியில் போகும் வழியில் பிள்ளை அடங்கிவிட்டான். அன்று முதல் அம்மா நெஞ்சில் ஒரு கேள்வி. அதை அன்றுதான், பேத்தியிடம், வாய்விட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நான் குடுத்த தண்ணிதான் அவனைக் கொன்னுச்சா?"

அக்காள் மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்பவள். புவோன விஸ்தா வட்டாரத்தில் 2003-இல் திறந்த பயோபொலிஸ் வளாகத்தில் அவள் வேலை. குடல் செல்களைத் தட்டில் வளர்ப்பதுதான் அவளுடைய அன்றாடப் பாடு. "இல்ல பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியிலிருந்த படங்களைக் காட்டி விளக்கினாள். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் புத்திதானே, கொஞ்சம் விரிவாகத்தான் வரும்.

நம் குடலின் உட்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள விரிப்பு. அதன் ஒரு பக்கம் நாம் சாப்பிட்ட சாப்பாடு, மறுபக்கம் இரத்தம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர் அந்த விரிப்புக்கு வந்து சேருகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர்தான். மற்றது எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் என்று உடம்பே சுரப்பது. அவ்வளவையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு போவது ஒரு குவளை அளவுகூட இல்லை.

உயிருள்ள மனிதனின் குடலுக்குள் புகுந்து இதை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் தட்டில் வளர்ப்பது. 1970-களில் ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் 'காக்கோ-2' என்ற பெயரில் இன்றும் உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அடியில் வடிகட்டித் தாள் போன்ற சவ்வு கட்டிய ஒரு சிறு கிண்ணத்தில் அவற்றை விதைக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொண்டு, சிறுகுடலின் உட்புறம் போலவே ஒரு விரிப்பாகிவிடுகின்றன. மேலே இருப்பது குடல் பக்கம், கீழே இருப்பது இரத்தப் பக்கம். இரு பக்கமும் மின்கம்பி முனை வைத்து அளப்பார்கள். மின்சாரம் எளிதில் கடக்க முடியவில்லை என்றால் ஓட்டை இல்லாமல் விரிப்பு மூடிவிட்டது என்று பொருள்.

அவள் காட்டியதில் ஒரு படம் எனக்கு மறக்காது. சவ்வு இல்லாத வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், செல்கள் கீழே இறக்கிய தண்ணீர் போக இடமின்றித் தேங்கி, விரிப்பு அங்கங்கே பூரிபோல் உப்பி நிற்கிறது! யாரும் பம்ப் வைத்து இறைக்கவில்லை. சிங்கப்பூரில் 2003 முதல் பயன்படுத்தப்பட்ட நீரைச் சுத்திகரித்து 'புதுநீர்' ஆக்குகிறார்கள் அல்லவா? அங்கே அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளுகிறார்கள். செல் தள்ளுவது தண்ணீரை அல்ல, உப்பை. தண்ணீர் உப்பின் பின்னாலேயே போய்விடுகிறது.

உப்பு தண்ணீரில் கரைந்தால் சோடியம், குளோரைடு என்று மின்னேற்றம் உள்ள துகள்களாகப் பிரியும். இவற்றை அயனிகள் என்பார்கள். செல்லின் இரத்தப் பக்கத்தில் ஓயாமல் வேலை செய்யும் ஓர் எந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. குடல் பக்கத்துச் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. அங்கே உள்ள கதவுகளில் ஒன்று விசித்திரமானது. சோடியம் தனியே வந்தால் வழி விடாது. சீனியில் உள்ள குளுக்கோசைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் விடும். 2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ் என்பது கணக்கு. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் 1960-இல் பிராக் நகரக் கூட்டத்தில் இந்தச் சேர்க்கையை எடுத்துச் சொன்னார்.

இனி வாந்திபேதிக்கு வருவோம். காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற மருத்துவ அறிஞர் 1959-இல் கண்டு சொன்னது இது. அந்த நஞ்சு குடல் பக்கத்துக் குளோரைடுக் கதவை மூட முடியாமல் திறந்துவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னால் ஓடுகின்றன. ஆனால் பாருங்கள், சீனியோடு திறக்கும் அந்த விசித்திரக் கதவை மட்டும் நஞ்சு தொடுவதில்லை. ஒரு பக்கம் கூரை ஒழுகினாலும் மறுபக்கம் வாசல் திறந்தே இருக்கிறது.

ஆகவே வெறும் தண்ணீர் அந்த வாசலைத் திறக்காது. வெறும் உப்புநீரும் திறக்காது. இரண்டும் சேர்ந்த சீனித் தண்ணீர் திறக்கும். 1971-இல் வங்காளதேச அகதிகள் இந்திய எல்லையில் பங்காவுன் முகாமில் காலராவால் மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலானாபிஸ் என்ற டாக்டர் இந்தக் கலவையைத் தாய்மார் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு 30 போல இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

1971 எங்கே, 1986 எங்கே! பதினைந்து வருடத்தில் அந்தச் செய்தி எங்கள் லயத்துக்கு நடந்தாவது வந்திருக்கலாம். எனக்கு இந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, இருக்கட்டும்.

"நீங்க குடுத்தது தப்பில்ல பாட்டி. அதோட ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் வேணும்னு உங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்" என்றாள் அக்காள் மகள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அளவு சொல்லு" என்றார்.

பொட்டலம் கிடைத்தால் அதுவே முதல் தரம். அதில் பொட்டாசியமும் இருக்கும். கிடைக்காத இரவில்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சீனி 6, உப்பு அரைக் கரண்டி. அளவு மீறக் கூடாது. சீனி கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. டின்னில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. கரைத்தது ஒரு நாளுக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

நம் கஞ்சிக்கும் இதில் பங்கு உண்டு. அரிசி மாவு குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோஸ் ஆவதால், அரிசி சேர்த்த உப்புக் கரைசல் காலராவுக்கு நன்றாகவே கேட்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத சோள மாவைக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்து, காலராப் பேதி சீக்கிரம் நிற்பதை 2000-இல் எழுதினார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை போய்ப் புளித்து, அங்கேயும் உப்பையும் நீரையும் உறிஞ்ச வைக்கிறதாம்.

ஊருக்குத் திரும்பும் நாளில் தேக்காவில் அம்மா முருங்கைக்காயை மறந்துவிட்டார். பாத்திரக் கடையில் நின்று ஒரு டஜன் தேக்கரண்டி வாங்கினார். ஒன்று எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குள் கிடக்கிறது. மற்றவை கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போய்விட்டன. கொடுக்கும்போது, கத்தியின் முதுகால் கரண்டியின் தலையைத் தட்டுவது எப்படி என்று அம்மாவே செய்து காட்டிவிட்டுத்தான் வருகிறார்.