சரிவு யார் குற்றம்?

தோழர்களே! நம் தோல் வட்டாரத்திலே லாரி ஓட்டும் தோழனில்லாத தெரு உண்டா? சத்துவாச்சாரியைத் தொட்டோடும் பெருஞ்சாலையிலே அவன் புறப்படுகிறான். ஆம்பூர், வாணியம்பாடி கடந்து, கிருஷ்ணகிரியில் தெற்கே திரும்பி, தருமபுரியையும் தாண்டினால், தொப்பூர்க் கணவாய்! அடிவாரத்திலே சிற்றூர், அதற்கு வரும் வழியெல்லாம் சரிவு!

2020 டிசம்பர் 12இல் லாரியொன்று அங்கே முன்னே நின்ற வண்டிகளை நொறுக்கிற்று. 2024 ஜனவரி 24இல் மீண்டும் மோதல், தீ. 4 உயிர்கள் மாய்ந்தன.

"நியூட்ரலில் வந்தான், தவறு அவனுடையது" என்கிறார்கள். தவறுதான், மறைக்கவில்லை. கியரை விட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் கைவிடும். ஆனால் ஏன் விட்டான்? சொட்டு டீசல் மிச்சமாகுமென்று! சொட்டுக்குக் கணக்குக் கேட்கும் முதலாளி, அந்தச் சரிவிலே அவனருகே அமர்ந்திருந்தாரா?

வேகம் ஓட்டுநர் குற்றமென்றால், சரிவு யார் குற்றம்? சுங்கம் வாங்கும் சாலைக்குப் பொறுப்பு இல்லையா? எச்சரிக்கைப் பலகை மட்டும் உயிர் காக்குமா? உயர்மட்டச் சாலைத் திட்டம் விரைந்து முடியவேண்டும். அதைக் கேட்பது நம் கடமை.

அதுவரை, தோழா, கியரை விடாதே! மிச்சமாகும் டீசலைவிட, உன் வரவுக்காக வீட்டில் எரியும் விளக்கு பெரிது!