கர்த்தர் நல்லவர்... யாருக்கு?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி நேரம் எப்படி இருக்கும் என்று சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கம்பெனியில் வேலை நிரந்தரமாச்சு, ஒரகடம் பக்கம் மனை வாங்கியாச்சு, விபத்தில் தப்பிச்சாச்சு... ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி. கர்த்தர் நல்லவர்!

நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் கடவுளின் அன்புக்கு இது மட்டும்தான் அத்தாட்சியா? 2014 நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வேலை போன அத்தனை ஆயிரம் பேருக்கும் கர்த்தர் நல்லவர் இல்லையா?

காமர்ஸ் மாணவர்கள் முதலில் படிப்பது இரட்டைப் பதிவு முறை. 1494-ல் அதை அச்சில் விளக்கிய லூக்கா பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி! பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கே இல்லை. நம் சாட்சிகளில் இருப்பது ஒரு பக்கம்தான். எனக்கு என்ன கிடைத்தது? அவ்வளவே. என் வழியாக யாருக்கு என்ன போனது என்ற பக்கம் காலி.

2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்களுக்குச் சரியான தகவல் இல்லை. 18-ம் தேதி சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பள உயர்வுக்காக அல்ல... எங்கள் தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு! ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை மறுபடி திறந்தது.

கடவுளின் நன்மையை எங்கே தேடுவது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட வேறு விலாசம் வேண்டுமா?

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையும் ஒரு சாலையில்தான் நடக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் பத்திரமாக வீடு சேர்ந்திருப்பார்கள். 'கள்ளர் கையில் சிக்காமல் காத்தீரே, ஸ்தோத்திரம்' என்று அவர்களும் சாட்சி சொல்லியிருக்கலாம்! அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருந்திருக்காது. ஆனால் இயேசு காட்டியது அவர்களை அல்ல. சத்திரக்காரனிடம் சொந்தக் காசைக் கொடுத்தவனைத்தான். அவனோ வேற்று இனத்தான்.

'சபையில் எதற்கு இந்த யூனியன் பேச்சு?' என்று சிலர் கோபப்படலாம். பக்கத்து மெஷினில் நிற்பவள் நேற்று ஏன் வரவில்லை என்று விசாரிப்பது யூனியன் பேச்சு என்றால், சமாரியன் கதையையும் பிரசங்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஷிப்ட் பஸ்ஸில் ஒரு இருக்கை காலியாக இருந்தால், அது யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பதில் தொடங்குகிறது விசுவாசம். வாக்குத்தத்த அட்டை அப்புறம்.