கண் மட்டும் போதுமா?

சாலையைக் கடக்கும் சிறுவன் மீது வண்டி மோதிவிட்டால், கூடுகிற கூட்டம் முதலில் கேட்பது, "கண் என்ன பிடரியிலா இருந்தது?" என்பதுதான். பார்த்திருந்தால் தப்பியிருப்பான் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். மாணவ நண்பர்களே, இந்த எண்ணம் பாதிதான் சரி என்பேன். நன்றாகப் பார்த்தும் ஏமாந்து போகலாம்.

வண்டி நெருங்க நெருங்க, நம் விழித்திரையில் அதன் பிம்பம் பெரிதாகிக்கொண்டே வருகிறது அல்லவா? பிம்பத்தின் அளவை, அது ஒரு விநாடியில் வளரும் அளவால் வகுத்தால், வண்டி நம்மை எட்ட இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்பது கிடைத்துவிடும். தொலைவும் தெரிய வேண்டாம், வேகமும் தெரிய வேண்டாம்! எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ 1976-இல் இதை விளக்கினார். (வானியலறிஞர் பிரெட் ஹாயில் 1957-இல் எழுதிய நாவலில், பூமியை நோக்கி வரும் ஒரு மேகம் எப்போது வந்து சேரும் என்பதை இதே வழியில்தான் கணக்கிடுகிறார்கள்!) பறந்து வரும் பந்தைப் பிடிக்கக் கை நீட்டும்போதும் இந்த வளர்ச்சி நமக்கு உதவுகிறது.

ஆனால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் கார் 5 விநாடியில் உங்களை எட்டும் என்றால், இப்போது அது 50 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதே கார் 72 கி.மீ. வேகத்தில் வந்தால், 5 விநாடிக்கு முன் 100 மீட்டர் தொலைவில் இருக்கும். தொலைவு இருமடங்கு, ஆகவே பிம்பம் பாதி. அது வளர்வதும் பாதிதான். அதாவது, ஆபத்து மிகுந்த வண்டியே அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது! அகலம் குறைந்த மோட்டார் சைக்கிள் இன்னும் மோசம்.

இந்த வளர்ச்சியை உணரும் திறன் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்குக் குறைவு. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களைச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். மணிக்குச் சுமார் 32 கி.மீ.க்கு மேல் விரைந்து வரும் வண்டியின் வருகையை இவர்களால் நம்பகமாக உணர முடிவதில்லை என்று கண்டனர்.

இது கவனக்குறைவு அன்று, கண்ணின் எல்லை. "பார்த்துப் போ" என்ற அறிவுரையால் இந்த எல்லையை நீட்ட முடியாது. பள்ளியருகே வண்டிகளின் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2023 செப்டம்பரில், குடியிருப்புப் பகுதிச் சாலைகள் பெரும்பாலானவற்றில் உச்ச வேகத்தை 48 கி.மீ.யிலிருந்து 32 ஆகக் குறைத்தார்கள். நேரம் வீணாகிறது என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. எவ்வளவு நேரம்? ஒரு கிலோமீட்டருக்கு 38 விநாடிகூட இல்லை. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

வேகத்தடை வரும்வரை, தம்பி தங்கையரைக் கைபிடித்து அழைத்துப் போகும்போது ஒன்று செய்யுங்கள். தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிந்தால், அது உங்களைத் தாண்டிப் போன பிறகு சாலையில் கால் வையுங்கள்.