பழசுன்னு கண்டம் பண்ணாதீங்க: லேப் மெஷினும் லினக்ஸும் (நீளமான த்ரெட்)

1/ அரசு ஆஸ்பத்திரி லேப்ல அடிக்கடி காதுல விழுற வசனம்: "மெஷின் பழசு சார், கம்ப்யூட்டரோட பேசாது." பேசும். நல்லாவே பேசும். கேக்கத்தான் அந்தப் பக்கம் யாரையும் நாம உக்கார வைக்கல. எல்டிக்கள், பயோமெடிக்கல் இன்ஜினியர்கள், லினக்ஸ் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க கண்டிப்பா படிங்க.

2/ ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலை? மழை முடிஞ்சா தாமிரபரணிக் கரையில டெங்கு, எலிக்காய்ச்சல். அம்பை, வீரவநல்லூர், சேரன்மகாதேவின்னு காய்ச்சல்காரங்க வருவாங்க. செல் கவுன்ட்டர் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தட்டணுவை எண்ணிடும். அதைப் பார்த்து எல்டி ரிஜிஸ்டர்ல எழுதணும். ரிஜிஸ்டரைப் பார்த்து சீட்டுல எழுதணும். சீட்டைப் பார்த்து சிஸ்டர் கேஸ் ஷீட்ல எழுதணும். ஒரே எண், மூணு தடவை கையெழுத்து.

3/ நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில 23,000 தட்டணு, சீட்டுல 2.3 லட்சமா வந்துச்சு. ஈறுல ரத்தம் கசியுதேன்னு ட்யூட்டி டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி சாம்பிள் அனுப்பினதால ஆள் தப்பிச்சார். எழுதுன எல்டிக்கு மெமோ. அன்னைக்கு அவங்க ஒத்தை ஆளா எத்தனை சாம்பிள் பாத்தாங்கன்னு யாரும் கேக்கல. மெஷினுக்குப் பின்னாடி ஒன்பது பின் போர்ட் ஒண்ணு தூசி படிஞ்சு சும்மா கிடந்ததையும் யாரும் பாக்கல.

4/ அந்த போர்ட் பேரு ஆர்எஸ்-232. பிறந்தது 1960. அது வழியா லேப் மெஷின்கள் பேசுற மொழிக்கு ஏஎஸ்டிஎம்னு பேரு. ஈ1381, ஈ1394ன்னு ரெண்டு தரநிலை, 1990கள்ல இருந்து புழக்கத்துல இருக்கு. ரகசியம் எதுவும் இல்ல.

5/ அது பேசுற விதம் நம்ம ஊர் போன் பேச்சு மாதிரிதான். மெஷின் முதல்ல "இருக்கீங்களா?"ன்னு ஒரு எழுத்து அனுப்பும். கம்ப்யூட்டர் "சொல்லுங்க"ன்னு ஒரு எழுத்து. அப்புறம் நோயாளி, டெஸ்ட், ரிசல்ட்னு வரி வரியா வரும். ஒவ்வொரு துண்டுக்கும் கடைசியில ஒரு கூட்டுத்தொகை ஒட்டியிருக்கும். கணக்கு சரியா வரலைன்னா "திருப்பிச் சொல்லுங்க", மெஷின் திரும்ப அனுப்பும். நம்ம ரிஜிஸ்டருக்கு இந்தக் கூட்டுத்தொகை உண்டா?

6/ சரி, கேக்குறது யாரு? ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு யூஎஸ்பி-சீரியல் ஒயர், லினக்ஸ். அந்த ஒயர்கள்ல வர்ற பிரபலமான சிப்புகளுக்கு டிரைவர் கெர்னல்லயே இருக்கு. சில பழைய சிப்புகளைப் புது விண்டோஸ் டிரைவர் ஏத்துக்காது. லினக்ஸ்ல அதே ஒயர் ஓடும். லினக்ஸ்ல அந்த போர்ட்டுக்குப் பேரே டெலிடைப் காலத்து டிடிஒய். டெபியன்ல அதைத் தொட அனுமதி தர்ற குழுவுக்குப் பேரு டயல்அவுட். பழசை மறக்காத வீடு அது.

7/ "பழைய புரோட்டோகால் ஆபத்து"ன்னு வருவாங்க. பாதி உண்மை. 2017 மே மாசம் வான்னாக்ரை பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்கினது, ஃபைல் பகிர்ற எஸ்எம்பி முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியா. அதை நெட்வொர்க்குல திறந்து வைக்கவே கூடாது. ஆனா சீரியல் ஒயர் ஒரு மேஜைக்குள்ள முடியுற சமாச்சாரம். மெஷினுக்கு ஐபி முகவரியே கிடையாது. ஒயரோட மறுமுனையில இருக்கிற லினக்ஸ் பெட்டியை ஒழுங்கா பூட்டினா போதும். பழசு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

8/ "எல்லாம் கிளவுடுக்குப் போகுது, இனி இது எதுக்கு?" அண்ணாச்சி, 2023 டிசம்பர் 17, 18 மறந்துட்டுதா? காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் போன், நெட், கரண்ட் என்ன ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஜெனரேட்டர் ஓடுற ஆஸ்பத்திரியில ரெண்டு மீட்டர் ஒயருக்கு நெட் தேவையில்ல. ரிசல்ட் உள்ளேயே சேரட்டும், நெட் வந்ததும் மேலே போகட்டும்.

9/ லினக்ஸ் எல்லாத்தையும் என்னைக்கும் தாங்கிப் பிடிக்கும்னு நான் சொல்லல. ஐபிஎக்ஸை 2018ல கெர்னல்ல இருந்து எடுத்தாங்க. டெக்நெட்டை 2022ல எடுத்தாங்க. காரணம் வயசு மட்டும் இல்ல, பராமரிக்க ஆள் இல்ல. அவங்களை விட வயசான சீரியல் போர்ட் இன்னும் இருக்கு, ஏன்னா அதை ஆளுங்க பயன்படுத்துறாங்க, பாத்துக்கிறாங்க.

10/ அப்ப உண்மையான தடை எது? பூட்டு. நாம காசு குடுத்து வாங்குன மெஷின்ல இருந்து நம்ம நோயாளியோட ரிசல்ட்டை எடுக்க "இன்டர்ஃபேஸ் சார்ஜ்"னு தனி பில். கையேடு கேட்டா "கம்பெனி ரகசியம்". வீட்டைக் கட்டிக் குடுத்துட்டு ஜன்னலுக்குத் தனி வாடகை கேக்குற கதை.

11/ கேக்குறது மூணே மூணு. ஒண்ணு: மெஷின் வாங்குற ஒவ்வொரு டெண்டர்லயும் இன்டர்ஃபேஸ் கையேடும் திறந்த போர்ட்டும் கட்டாயம், தனிக் காசு கிடையாது. ரெண்டு: கண்டம் பண்ற ஃபார்ம்ல "கம்ப்யூட்டரோட இணைக்க முயற்சி பண்ணாங்களா?"ன்னு ஒரு வரி. மூணு: ஒரு ஆஸ்பத்திரி எழுதுற புரோகிராம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவா கிடைக்கணும். எல்காட்டே லினக்ஸுக்கு மாறுன மாநிலம் இது. பாஸ் லினக்ஸை உருவாக்குனது சென்னையில இருக்கிற சி-டாக். ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க.

12/ எச்சரிக்கையும் சொல்லிடுறேன். லேப் பொறுப்பாளர் அனுமதி இல்லாம யாரும் ஒயரைச் சொருகாதீங்க. ரிஜிஸ்டரும் கம்ப்யூட்டரும் சில வாரம் ஒண்ணா ஓடட்டும், ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிடுங்க. சாம்பிள் ட்யூபுக்கு பார்கோடு இல்லைன்னா சரியான ரிசல்ட் தப்பான ஆளுக்குப் போகும். சில மெஷின் ஏஎஸ்டிஎம் பேசாது, சொந்த பாஷை பேசும், அதுக்குத்தான் கையேடு.

13/ நாளைக்கு ட்யூட்டிக்குப் போனதும் உங்க லேப் மெஷினோட பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்க. மாடல் பேரும் போர்ட் போட்டோவும் கீழே போடுங்க. நோயாளி பேரு, ரிசல்ட் எதுவும் படத்துல தெரியக் கூடாது. எந்த மெஷினுக்கு எந்த ஒயர்னு ஒரு பட்டியல் போட்டுருவோம்.