மண்ணுக்குள் ஓர் அமானிதம்

 

காஞ்சிபுரத்தில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினாலும், பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பம் நடக் குழி பறித்தாலும், பழைய பானை ஓடோ செப்புக் காசோ தலைகாட்டினால் அதில் வியப்பில்லை. பல்லவருக்கும் முற்பட்ட ஊர் அது. அங்கு நடந்த அகழாய்வுகளில் சாதவாகனர் காலக் காசுகள் கிடைத்துள்ளன. ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜா (1749–1795), ‘வாலாஜா’ எனப் பாரசீக எழுத்தில் பொறித்து வெளியிட்ட சிறு செப்புக் காசுகளும் உண்டு.

உங்கள் மகன் பள்ளி மைதானத்திலிருந்து அப்படியொரு காசைக் கொண்டு வந்து, "அத்தா, இது எனக்குத்தானே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு காசுதானே என்று விட்டுவிடாதீர்கள். பிறர் பொருளைப் பற்றி அவன் கற்கும் முதற்பாடம் அதுவாகவே இருக்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஒரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நிலம் வாங்கிய ஒருவர் அதில் தங்கம் நிறைந்த ஜாடியைக் கண்டார். தாம் வாங்கியது நிலத்தை மட்டுமே என்று விற்றவரிடம் அதைக் கொண்டு போனார். விற்றவரோ, நிலத்தோடு அதிலுள்ளதையும் விற்றுவிட்டதாகச் சொல்லி வாங்க மறுத்தார். வழக்குத் தீர்த்தவர், ஒருவருடைய மகனுக்கு மற்றவருடைய மகளை மணமுடித்து, அவர்களுக்கும் தருமத்துக்கும் அப்பொன்னைச் செலவிடச் செய்தார். எனக்கு வேண்டாம் என்று இருவர் வழக்காடிய அந்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மார்க்கச் சட்டமும் இதில் தெளிவு தருகிறது. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தில் புதைக்கப்பட்ட ‘ரிகாஸ்’ எனும் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு கடமை. முஸ்லிம்களின் அடையாளம் பொறித்த காசாயின், அதைக் கண்டெடுத்த பொருளாகக் கொண்டு ஓராண்டு அறிவிக்க வேண்டும் என்பர் சட்ட அறிஞர்கள். நிலம் யாருடையது என்பதையும் அவர்கள் கருதுவர். பள்ளி மைதானமோ உங்கள் மகனுடைய நிலமன்று.

நாட்டின் சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர், என்ன பொருள், எங்கே, எந்நாளில் கிடைத்தது என மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதுடன் ஓராண்டு வரை சிறையும் நேரலாம். அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ளும்போது, அதன் உலோக மதிப்போடு அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தருவதற்கும் அச்சட்டம் வழி செய்கிறது.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 505 பொற்காசுகள் ஒரு கலத்தில் கிடைத்தன. அவற்றில் அரபு எழுத்துகள் இருந்தன. அவை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயிலில் பொன் கிடைத்தபோது, முதலில் மறுத்த ஊர் மக்களும் இறுதியில் அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர்.

உலோகம் கண்டறியும் கருவியை வாங்கி மண்ணைக் கிளற வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்படலாம். அக்கருவி உலோகம் இருப்பதை மட்டுமே காட்டும். அதன் காலத்தைச் சொல்லாது. எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு காசு கிடந்தது என்பதே அதன் காலத்துக்குச் சாட்சி. தோண்டிப் பறித்த அந்த நொடியில் சாட்சி அழிந்துவிடும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றித் தோண்டுவது குற்றமும் ஆகும்.

ஆகவே, மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். காசைத் தேய்த்து மெருகேற்றவும் விடாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் நாளையும் அவனையே ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். மறுநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் செல்லுங்கள். அவர் மூலம் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

காசு கைவிட்டுப் போகலாம். "என் அத்தா பிறர் பொருளை வீட்டில் வைக்கவில்லை" என்ற நினைவு அவனுடனேயே இருக்கும். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து அதுவாக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.