யாருக்குக் காவல்?

அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடிப்படை உரிமையல்ல என்று வாதாடிய டில்லி அரசே 2023-இல் அந்த உரிமைக்குக் காவலாகச் சட்டமொன்று செய்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமாம், பெயரென்னவோ நீளந்தான்!

கைப்பேசி வழியே நம்மிடம் வாங்கிய விவரங்களைக் கசியவிடும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். வரவேற்கிறோம். எப்போது முதல்? 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது அதற்கெல்லாம் 18 மாதத் தவணை தந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தை வெட்டும் 44(3)-ஆம் பிரிவுக்கோ ஒரு நாள் தவணையும் இல்லை. உடனே அமல்!

தோழர்களே, அந்த வெட்டு எங்கே விழுகிறது? ஏரி வேலைக்கு வராதவன் பெயரில் கூலி எழுதியது யார் என்றறிய வருகைப் பதிவேட்டைக் கேட்டால், "தனிநபர் தகவல்" என்று சொல்லி அதிகாரி கதவைச் சாத்தலாம். பொதுநலன் கருதித் தர 8(2)-ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, முதலில் எடைபோடுவது அதே அதிகாரிதான்!

அரசு தன் துறைகளை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணங்காட்டி, ஓர் அறிவிக்கையால் இச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளவும் 17-ஆம் பிரிவு இடந்தருகிறது.

உழைப்பாளியின் அந்தரங்கம் காக்கப்படட்டும். பொய்க்கணக்கு எழுதியவனுக்கு எதற்கு அந்தரங்கம்? 44(3) நீக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். டில்லி பதில் சொல்லட்டும்.