சுவர் ஆடினால் ஸ்ட்ரைக்கர் எங்கே போகும்?

எங்கள் ஓய்வூதியர் மன்றத்து விளையாட்டு அறையை நவீனப்படுத்தப் போகிறார்களாம். சுற்றறிக்கை வந்திருக்கிறது. இரண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்து, கூரையில் இரண்டு புரொஜக்டர்களைத் தொங்கவிட்டு, கேரம் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் கடல் அலை அடிக்கவும், சீட்டு மேசைக்குப் பின்னால் மீன்கள் நீந்தவும் செய்வார்களாம். இருட்டியதும் ஈஃபில் கோபுரம் மின்னுமாம். கடல் அலை பார்க்க வேண்டுமென்றால் பத்து நிமிஷ நடையில் பீச் ரோடு இருக்கிறது. அது கிடக்கட்டும்.

நான் இதை எதிர்க்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பில் குறிப்பு எழுதிய கை, வாயால் சொன்னால் திருப்திப்படாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொட்டேஷனை வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு கருவியும் 3,600 லூமன் என்று போட்டிருக்கிறது. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் எங்கள் சுவர் 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். 12 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், 300 லக்ஸ்தான் வரும். கையிலிருக்கும் சீட்டு ஆர்ட்டினா டைமனா என்று சிரமமில்லாமல் பார்க்கவும் ஏறக்குறைய அதே அளவு வெளிச்சம் வேண்டும். வினை இங்கேதான். புரொஜக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. படத்தில் கறுப்பு என்பது வெளிச்சம் போடாமல் விட்ட இடம். அறையில் ட்யூப்லைட் எரிந்தால் அந்த இடமெல்லாம் வெளுத்துவிடும். கடல் கழுநீர் போலத் தெரியும். அப்போது என்ன செய்வார்கள்? ட்யூப்லைட்டை அணைப்பார்கள். படம் அழகாகத் தெரியும், சீட்டு தெரியாது.

இருபது வயதுக்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவம் சொல்கிறது. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். கண்புரை முற்றாமல் காத்திருப்பவர்களும் உண்டு.

விளையாட்டுக்கு வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை நம் தெருக்கோடி கேரம் கிளப்புகள் எந்தப் பொறியாளரையும் கேட்காமலே கண்டுபிடித்தன. போர்டுக்கு நேர் மேலே தகர மூடி போட்ட ஒரு பல்ப், அவ்வளவுதான். ஆடுகிறவர் முகம்கூட அரை இருட்டில் இருக்கும், ரெட் மட்டும் பளிச்சென்று தெரியும். பிரெஞ்சுக்காரர்களின் பில்லியர்ட் அறையிலும் இதே ஏற்பாடுதான். விளக்கு மேசைக்கு மேல் தாழத் தொங்கும், சுவர் அடக்கமாக இருக்கும்.

‘தெக்கோர்’ என்று சுற்றறிக்கையில் பெருமையாகப் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். நானும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்தான். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. தகுவது, பொருந்துவது என்ற பொருள் கொண்ட சொற்குடும்பம் அது. பளபளப்பு என்ற பொருள் அதில் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதானால் நான் எமில் ரெய்னோவைக் கூப்பிடுவேன். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் பணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1892 அக்டோபரில், அதே பாரிஸில் க்ரேவான் அருங்காட்சியகத்தில் ரெய்னோ அசையும் சித்திரங்களைத் திரையில் காட்டிவிட்டார். எல்லாம் கையால் வரைந்தவை. ஒரு காட்சிக்கு மட்டும் சுமார் 500 படங்கள். அவர் இரண்டு விளக்குகள் வைத்திருந்தார். ஒன்று ஆட்களை ஓடவும் ஆடவும் வைத்தது. இன்னொன்று பின்னணியை, அதாவது தெக்கோரை, அசையாமல் நிறுத்தி வைத்தது. ஆள் அசைவது தெரிய வேண்டுமானால் சுவர் நிற்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பாவம், சினிமா வந்ததும் தொழில் படுத்து, மனம் வெறுத்துத் தன் படச் சுருள்களில் பெரும்பகுதியை ஸேன் நதியில் வீசிவிட்டார்.

புரொஜக்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரிஸில் பழைய வார்ப்பட ஆலை ஒன்றில் 2018-இல் ‘அத்தலியே தெ லூமியேர்’ என்று திறந்தார்கள். 140 புரொஜக்டர்கள் ஓவியங்களைச் சுவர், தரை என்று எல்லா இடத்திலும் பாய்ச்சின. அங்கே போகிறவர் சுவரைப் பார்க்கத்தான் போகிறார். பிரான்சிலிருக்கும் என் பேரன் போனில் வேறொன்று சொன்னான்: “தாத்தா, நாங்கள் அடைபட்டு விளையாடும் அறையில் புதிர் விடுத்தால்தான் சுவரில் கதவு திறக்கும்.” சரி, அங்கே சுவரே ஆட்டத்தில் ஒரு கை. எங்கள் அறையில் மீன் நீந்துவதால் யாருக்கு ஒரு புள்ளி கூடப்போகிறது?

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. ஓரக் கண்ணுக்கு அசைவு சீக்கிரம் படும். நின்ற ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் நகர்வதாகத் தோன்றுமே, அதே சமாசாரம். சுவர் முழுக்க அலை அடித்தால் உடம்பு சாயும். வயதாக ஆக நாம் நிலைதடுமாறாமல் நிற்பதற்குக் கண்ணையே அதிகம் நம்பியிருக்கிறோம். கைத்தடியோடு வருகிற ஏழெட்டுப் பேரை அரை இருட்டில், ஆடுகிற சுவர்களுக்கு நடுவே நாற்காலி தேட விடப்போகிறோம். இடுப்பு எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் அலைவது? சுற்றறிக்கையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

பராமரிப்பைப் பற்றியும் இல்லை. போரிக் பவுடர் பறக்கும் அறையில் விசிறி வைத்த கருவி. பில்டரில் மாவு பூசினது போல ஆகும். உப்புக்காற்று இருக்கவே இருக்கிறது.

“இளைய தலைமுறையை ஈர்க்க” என்று காரணம் சொல்கிறார்கள். அசைகிற படம் அவர்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதை வைத்துவிட்டு நம்மிடம் வந்து உட்கார்கிற ஓரிரண்டு பிள்ளைகள், கட் அடிப்பது எப்படி என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

என் மாற்றுத் தீர்மானம் இது: ஒவ்வொரு மேசைக்கும் மூடி போட்ட எல்.இ.டி. விளக்கு ஒன்று, வழுக்காத தரைவிரிப்பு, கைப்பிடி வைத்த நாற்காலிகள். பணம் மிஞ்சினால் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டுச் சுவரில் கடலை வரையச் சொல்லலாம், அலையை அடிக்காத அலையாக.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. கொட்டேஷன் நகல் என்னிடம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் அரை மணி முன்னதாக வாருங்கள். எழுத்து பொடி, படிக்கிற கண்ணாடியை எடுத்து வாருங்கள்.